இறங்க வேண்டிய இடம்

வேலுச்சாமி அண்ணன் தவறிவிட்ட செய்தி எனக்கு எங்கள் கம்பெனியின் ‘ஃபேப்ரிக் அப்டேட்’ வாட்ஸப் குழுவில்தான் வந்தது. தினமும் காலையில் அந்தக் குழுவில் ‘துணி ஓகேங்க’ என்று போடுவார். ஓகேவுக்குப் பின்னால் ஒரு ‘ங்க’ சேர்க்காமல் அவர் கை எதையும் அனுப்பாது. அன்றைக்கும் அவர் எண்ணிலிருந்துதான் வந்தது. ‘அப்பா இன்று காலை மாரடைப்பில் காலமானார்’ என்று அவர் மகள் போட்டிருந்தாள். அதற்குக் கீழே யாரோ, எது வந்தாலும் போட்டுப் பழகிய கையோடு, ‘நோட்டட்’ என்று போட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதறிப்போய் அழித்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அண்ணன் இருந்திருந்தால், ‘நோட் பண்ணிட்டாங்களா, அப்பச் சரி’ என்று அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஃபேப்ரிக் வேலுச்சாமி. கம்பெனிக்குள் வரும் துணிக்கெல்லாம் அவர்தான் வாசல். சாயப்பட்டறையிலிருந்து ரோல் ரோலாக வந்து இறங்கும் பனியன் துணியை, இடக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்ப்பார். வலக்கையில் எப்போதும் ரோல் மேல் குறி போடும் சாக்பீஸ் இருக்கும் என்பதால் தொட்டுப் பார்ப்பதெல்லாம் இடக்கையின் வேலை. தராசும் சோதனை அறையும் அதற்குப் பிறகுதான். ‘மெல்லிசா இருக்குதுங்க’ என்று சொல்லிவிட்டால் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கிதார் வாசித்த வேலுச்சாமியை உங்களில் சிலருக்குத்தான் தெரியும். அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். வழக்கமாக மாணவர்கள்தான் ஆசிரியருக்கு அஞ்சலி எழுதுவார்கள். என் மாணவர் என் அப்பா வயதுக்காரர் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அவர் மீது எனக்கு இருக்கும் வருத்தங்களில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நான் அதே கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சில் கொயர் பாட்டுப் பயிற்சி இருப்பதால் கிதாரை ஆஃபீசுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். ஒரு சனிக்கிழமை அண்ணன் என் மேசையைக் கடந்து போனவர், சுவரில் சாய்த்திருந்த கிதார்ப் பையின் உறையைத் தேய்த்துப் பார்த்தார்.

“உள்ள இருக்கறது என்னமோ தெரியலீங் கண்ணு. மேல போட்டிருக்கற துணி மட்டம்.”

திறந்து காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார், பார்த்தார், போனார். அதற்கடுத்த வாரம்தான் வாய் திறந்தார்.

“ஏனுங் கண்ணு, அம்பதத் தாண்டுன வெரலு இதுக்கெல்லாம் வளையுங்களா?”

கேலிக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். “வளையும்ண்ணா. ஆனா ஞாயித்துக்கிழமை மொத்தமா ரெண்டு மணி நேரம் உக்காந்தா ஒண்ணும் வராது. தெனமும் பத்து நிமிஷம்னா சொல்லித் தர்றேன்” என்றேன். இதைச் சொன்னதும் பெரும்பாலும் பெரியவர்கள் நழுவிவிடுவார்கள். அவர் முகமோ தெளிந்தது.

“அட, ரிலாக்ஸேஷன்!”

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரோலாகச் சுற்றி வரும் பனியன் துணியை வந்த சூட்டோடு வெட்டித் தைத்தால் பிறகு சுருங்கிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன் அதைப் பிரித்து, தளர்வாகப் போட்டு, சும்மா விட்டு வைப்போம். அதற்குத்தான் எங்கள் ஊரில் ரிலாக்ஸேஷன் என்று பெயர். “துணிக்கு நாம ஒண்ணும் பண்றதில்லீங்க. விரிச்சுப் போட்டுட்டு நம்ம சோலியப் பாக்கப் போயிருவோம். அதுபாட்டுக்கு அதோட அளவுக்கு வந்துரும். அப்ப வெரலையும் தெனமும் சித்த நேரம் விரிச்சுப் போட்டுட்டு விட்டுரோணும், இல்லீங்களா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன். அதிலிருந்து, பயிற்சி செய்யாமல் வந்த நாட்களிலெல்லாம் “வெரலு ரிலாக்ஸேஷன்ல இருக்குதுங்க” என்பதே அவருக்குச் சாக்கு.

மகள் கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கி, நாலு நாள் வாசித்துவிட்டு ஸ்லாப் மேல் போட்ட கிதார் ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அதைத் தூசி தட்டி, முதுகில் மாட்டிக்கொண்டு, வண்டியில் வந்து இறங்கினார். கேட்டில் இருந்த செக்யூரிட்டி, “ஏனுங், சூட்டிங்குங்களா?” என்று கேட்டதற்கு, “ஆமாங்க, நீங்கதான் வில்லன்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

மதியச் சாப்பாடு முடிந்து, வேலை மணி அடிப்பதற்குள் மிஞ்சும் நேரம்தான் எங்கள் வகுப்பு. இடம், துணிக் குடோன். கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும் ரோல்கள் சத்தத்தைக் குடித்துவிடும். என்ன வாசித்தாலும் ரெண்டு அடுக்குக்கு அப்பால் போகாது. பக்கத்தில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருக்கும் லோடிங் ஆட்கள் ஒருவர்கூட எழுந்ததில்லை. அதை அவர் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் என்னைக் கூப்பிடும் விதத்தைச் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் நான் கண்ணு. கிதாரை மடியில் வைத்தவுடன் டீச்சர். “டீச்சருங்க, இந்தச் சுண்டு வெரலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க.” மணி அடித்துக் கிதாரைக் கீழே வைத்த அதே மூச்சில், “கண்ணு, அந்த நேவி புளூ எப்பக் கட்டிங்குக்கு வேணும்?” ஒருநாள் பொறுமை போய், “அண்ணா, எத்தனை தடவை சொல்றது?” என்று கத்திவிட்டேன். அவர் அமைதியாக, “டீச்சருங்க, ஸ்டூடன்ட்டப் போயி அண்ணான்னு கூப்பிட்டா அவனுக்கு எப்படீங்க பயம் வரும்?” என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு வகுப்பு நேரத்தில் அவரை எப்படியும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டேன்.

கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனிகள் முதலில் சிவந்தன, பிறகு தோல் உரிந்தது, பிறகு காய்த்துப்போயின. காய்ப்பு வந்த அன்று நான் கைகொடுத்து வாழ்த்தினேன். கிதார்க்காரர்களுக்கு அது பட்டம் வாங்கிய மாதிரி. இனிமேல் கம்பி வலிக்காது. அவரும் பெருமையாக எல்லோரிடமும் விரலை நீட்டிக் காட்டினார். அவை எந்தக் கையின் விரல்கள் என்பதை நாங்கள் ரெண்டு பேருமே யோசிக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு லாட் துணியை அவர் வழக்கம்போல் இடக்கையால் தேய்த்துப் பார்த்து ஓகே சொன்னார். சோதனை அறையில் அது இருக்க வேண்டியதைவிட மெல்லிசு என்று தெரிந்தது. வெட்டும் மேசைக்குப் போவதற்கு முன்பே பிடித்துவிட்டதால் யாருக்கும் நஷ்டமில்லை. எம்.டி. அவரைக் கூப்பிட்டுத் திட்டவும் இல்லை. “என்னாச்சுங்க உங்க கைக்கு?” என்று மட்டும் கேட்டாராம். திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணன் பிறகு சொன்னார்.

அன்றைக்கு வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும் மாணவர்களை எனக்குப் பிடிக்காது. நேராகக் குடோனுக்குப் போனேன். அங்கே அவர் ஒரு துண்டுத் துணியைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“கை செத்துப்போச்சு கண்ணு. வெரல்ல ஒண்ணும் தெரியறதில்ல. அதான் கன்னத்துல தெரியுதான்னு பாக்கறேன்.”

“விட்டுடுங்கண்ணா. கிதாரே வேண்டாம். இது சோறு போடற கை” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் ஒரு ரோல் மேல் உட்கார்ந்தார். எதற்காகக் கற்றுக்கொள்ள வந்தார் என்பதை அன்றுதான் சொன்னார். அதுவரை நான் அதைக் கேட்டதும் இல்லை. வயதானவர்களுக்கு வரும் ஆசை என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

“கல்யாணமான புதுசுங் கண்ணு. காங்கேயம் பக்கம் எங்க ஊட்டுல எல்லாரும் ஒண்ணா இருந்தோம். ஒருநாள் பெரிய மனுசங்க நாலு பேரு வந்து முன்னால ஆசாரத்துல உக்காந்திருந்தாங்க. என்ற ஊட்டுக்காரி சாந்தாமணி உள்ள மாவாட்டிக்கிட்டே பாடிக்கிட்டிருந்தா. நான் எந்திரிச்சுப் போயி, ‘கம்முனு இரு’ன்னேன். அவ்வளவுதான் சொன்னது. கம்முனு இருந்துட்டா.”

“அன்னைக்கா?”

“இன்னைக்கு வரைக்கும்.”

எங்கள் பக்கத்தில் ‘கம்முனு இரு’ என்பதை நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிறோம். பிள்ளைகளிடம், சிநேகிதர்களிடம், குரைக்கும் நாயிடம். என் அம்மா என்னிடம் இன்னமும் சொல்கிறார். யாரும் அதை ஒரு வார்த்தையாகவே எண்ணுவதில்லை. சாந்தாமணி அக்கா எண்ணியிருக்கிறார். அவர் பாடுவதை நிறுத்தவில்லை. கணவர் வீட்டில் இருக்கும்போது பாடுவதை நிறுத்திவிட்டார். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் பாட்டு நின்றுவிடும். இது அண்ணனுக்குத் தெரியவே பல வருடம் ஆகியிருக்கிறது. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு நடந்து வந்த ஒரு நாளில்தான் தெரிந்தது.

“சந்துல திரும்பறப்பவே கேக்குது. செவுத்தோரமா நின்னுக்கிட்டேன். என்ற ஊட்டுச் செவுத்துக்கு வெளிய நானே களவாணியாட்ட நிக்கறேன் கண்ணு. அவங்க ஊர்ல பொம்பளைங்க பாடற பாட்டு. அத்தனை சுகமா இருக்குது. கேட்டத் தொறந்தேன், நின்னுபோச்சு.”

பாடச் சொல்லிக் கேட்டும் பார்த்திருக்கிறார். “பாட்டா? எனக்கு எங்கீங்க வரும்” என்று சொல்லிவிட்டு அக்கா பாத்திரம் கழுவப் போய்விட்டாராம்.

“கேட்டா வர மாட்டா. நானும் ஒண்ணத் தப்பும் தவறுமா வாசிச்சுக்கிட்டு அவ முன்னால உக்காந்திருந்தன்னு வெய்யுங்க. மொதல்ல என்ற கூச்சம் போகோணும். அப்பறம் அவளோடது போகுமில்லீங்களா?”

விட்டுவிடச் சொன்ன வாயால் தொடரவும் சொல்ல முடியவில்லை. என்ன செய்வதென்று அவரேதான் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் வந்து, “வலது கைய எல்.கே.ஜி.ல சேத்திட்டனுங்க” என்றார். சாக்பீஸ் இடக்கைக்கு மாறியிருந்தது. எடை தெரிந்த ரோல்களிலிருந்து துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வலக்கையால் தேய்த்து, எடையைச் சொல்லி, பிறகு தராசில் போட்டுப் பார்ப்பார். அதுவும் தினமும் கொஞ்ச நேரம்தான். இடக்கைக்குக் கிதார், வலக்கைக்குத் துணி. அந்த மாதங்களில் ‘துணி ஓகேங்க’ குழுவில் தாமதமாக வந்ததை உங்களில் சிலர் குறையாகப் பேசினீர்கள். தராசு சொல்லும்வரை அவர் காத்திருந்தார். தப்பாகச் சொன்னால் தானே தலையில் குட்டிக்கொண்டு அடுத்த துண்டை எடுப்பார். மெதுவாக வலக்கைக்கும் துணி பேச ஆரம்பித்தது.

அந்தப் பாட்டைக் கற்றுத்தரச் சொன்னார். சுவருக்கு வெளியே நின்று கேட்டதை எனக்கு முனகிக் காட்டினார். அண்ணனுக்குக் குரல் வளம் எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். சாயம் போன துணியைப் பார்த்து அசல் நிறத்தைச் சொல்லும் வேலையாக இருந்தது. ஒருவழியாக ஒரு மெட்டைப் பிடித்து, ஒற்றைக் கம்பியில் ஒவ்வொரு சுரமாக வாசிக்கும்படி சொல்லிக்கொடுத்தேன். தினமும் சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்து அதை வாசிப்பார். அக்கா சமையல்கட்டில் இருப்பார். மறுநாள் மதியம் நான் புருவத்தை உயர்த்துவேன், அவர் தலையை ஆட்டுவார்.

“கடுகு பொரியற சத்தந்தானுங்க வருது டீச்சர்.”

இப்படியே மாதங்கள் போயின. நம்பிக்கை இழந்தது நான்தான். வேறு பாட்டு ஏதாவது பார்க்கலாமா என்று ரெண்டு முறை கேட்டேன். “அவசரப்பட்டு வெட்டுனா சுருங்கிப்போயிரும்” என்றார்.

ஒருநாள் காலையிலேயே என் மேசைக்கு வந்து நின்றார். “என்னங் கண்ணு, தப்பாச் சொல்லிக் குடுத்திட்டீங்க!” என்று சண்டைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“நேத்து வாசிச்சுக்கிட்டிருக்கறேன், உள்ள இருந்து சத்தம் வருது. ‘அது அப்படி இல்லீங்க. அங்க எறங்கோணும்’னா. எப்படி எறங்கோணும்னு கேட்டேன். கரண்டியோட வந்து கதவு நெலவுல நின்னு பாடிக் காட்டுனா கண்ணு. ஒரே ஒரு அடி. பாடிட்டு, அடுப்புல என்னமோ தீயுதுன்னு ஓடிப்போயிட்டா.”

சொல்லிவிட்டு, கையிலிருந்த சாம்பிள் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். பக்கத்து மேசைக்காரர்கள் ஏதோ ஆர்டர் கேன்சல் ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

தப்பு உண்மையில் எங்கள் இருவருடையதும்தான். ரெண்டாவது அடியின் கடைசியில் மெட்டு கீழே இறங்க வேண்டும். அவர் மேலே ஏற்றி முனகினார், நான் அப்படியே சொல்லிக்கொடுத்துவிட்டேன். அன்று மதியமே திருத்தினேன். ஆனால் அவர் விரல் திருந்தவில்லை. பாட்டு முழுவதும் நன்றாக வரும். அந்த இடம் வந்தால் ஏறிவிடுவார். அன்றைக்கு ஆரம்பித்து, அவர் வாசித்த கடைசி வாரம் வரைக்கும், என்னிடம் ஒருமுறைகூட அந்த இடத்தில் அவர் இறங்கியதில்லை. கெஞ்சினேன், திட்டினேன், விரலைப் பிடித்து வைத்தேன். “மொத மடிப்பு விழுந்திருச்சுங்க டீச்சர், இனி அயர்ன் பண்ணாலும் போகாது” என்பார். முதலில் சொல்லிக்கொடுத்தவளின் தப்பு என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அடக்கம் முடிந்து ரெண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். சாந்தாமணி அக்காவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர் நீங்கதானுங்களா?” என்று கேட்டார். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என்ன பேசுவதென்று தெரியாமல், மனதில் இருந்ததையே சொன்னேன்.

“அந்த ஒரு எடத்த மட்டும் அவருக்கு என்னால கடைசி வரைக்கும் சரியாச் சொல்லிக் குடுக்க முடியலக்கா.”

அக்கா என்னைப் பார்த்தார். துக்க வீடு என்பதால் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

“அதெல்லாம் அவருக்கு நல்லாவே வருங் கண்ணு. ஒருநாள் பக்கத்து ஊட்டுக்குப் போயிட்டு வாரேன், உள்ள வாசிக்கறாரு. அந்த எடத்துல அழகா எறங்கறாரு. செருப்பக்கூடக் கழட்டாம வாசல்லயே நின்னுட்டேன். திருப்பி வாசிக்கறாரு, திருப்பியும் எறங்கறாரு. அப்பறம் நான் கதவத் தொறந்தேன். ஏத்திப்புட்டாரு.”

“நீங்க ஒண்ணும் கேக்கலீங்களா?”

“எதுக்குங் கண்ணு கேக்கோணும்? ‘அங்க எறங்கோணுமுங்க’ன்னு சொல்லிப் பாடுனேன். தெனமும் பாடுனேன். ஒரு அடில ஆரம்பிச்சது, அப்பறம் முழுப் பாட்டையும் பாடிக் காட்டுனாத்தான் அவருக்குப் புரியும்னு ஆகிப்போச்சு.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் மட்டும் ஏன் அண்ணன் இதை மறைத்தார் என்று முதலில் கோபம் வந்தது. சொல்லியிருந்தால் நான் அடுத்த டீ நேரத்துக்குள் கம்பெனி முழுக்கச் சொல்லியிருப்பேன். அதைத் தெரிந்துதான் மறைத்திருக்கிறார்.

கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தார்.

“காரியமெல்லாம் முடியட்டுங் கண்ணு. ஒருநாள் பொழுதோட வந்து அத எனக்கு வாசிச்சுக் காட்டுவீங்களா?”

“கண்டிப்பா வாரேங்க்கா.”

“அந்த எடத்துல அவராட்டவே ஏத்தி வாசியுங்க. நீங்களும் எறக்கிப்புட்டீங்கன்னா, நான் எதுக்குப் பாடறது?”

வேலுச்சாமி அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு தப்பைத்தான். அது சுலபமாக வரவில்லை. சின்ன வயதிலிருந்து சரியாக வாசித்தே பழகிய விரல்கள், அந்த இடம் வந்தால் தாமாகவே இறங்கிவிடுகின்றன. அதனால் மதியம் சாப்பிட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள், குடோனில் தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஏற்றிப் பழகிக்கொண்டிருக்கிறேன். அக்கா கூப்பிடுவதற்குள் வந்துவிடும்.